குணமாகாத நோயும் வளரும் குழந்தையும்: செவிலியர் பராமரிப்பு பற்றி ஓர் அறிமுகம்

நிமோனியாவோடு வார்டுக்கு வந்த குழந்தை, மருந்து ஏறி, காய்ச்சல் விட்டு, சில நாளில் வீட்டுக்குப் போய்விடும். வந்த நோய் வார்டோடு முடிந்துவிடும். பக்கத்துக் கட்டிலில், டைப் 1 சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரியவந்த குழந்தையும் சில நாளில் வீட்டுக்குத்தான் போகும். ஆனால் நோயும் கூடவே கிளம்பிப் போகும். ஒரு நாளைக்கு நான்கைந்து ஊசி, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை, நடுராத்திரி அலாரம், எங்கே போனாலும் கையில் ஒரு பை என்று எல்லாமே அந்த வீட்டில் குடியேறிவிடும்.

இரண்டு குழந்தைகளையும் ஒரே நர்ஸ்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் செய்கிற வேலை வேறு. முதல் குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை, மூச்சு எத்தனை என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். இரண்டாவது குழந்தையிடம் கேட்க வேண்டியது, "உன் நாள் எப்படிப் போகிறது?" குழந்தைகள் வார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எண்களைக் குறித்தேன், மருந்தைக் கொடுத்தேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன். இந்தப் பராமரிப்பு என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில், சில சமயம் ஆயுள் முழுக்கக் கூடவே இருப்பது நாள்பட்ட நோய். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்டது என்று சிலர் கணக்கிடுவார்கள், ஒரு வருடம் என்று சிலர். ஆஸ்துமா, வலிப்பு நோய், டைப் 1 சர்க்கரை, தலசீமியா என்ற ரத்த நோய், பிறவி இதயக் கோளாறு எல்லாம் இதில் சேரும். மாற்றுத்திறன் என்பது வேறு கணக்கு. காது கேளாத குழந்தைக்கு நோய் எதுவும் இல்லாமலிருக்கலாம். சர்க்கரை நோயுள்ள குழந்தை ஓட்டப்பந்தயத்தில் முதலில் வரலாம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதும் உண்டு. மூளை முடக்குவாதம் (மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு சிக்கலாகும் செரிப்ரல் பால்சி) உள்ள பல குழந்தைகளுக்கு வலிப்பும் இருக்கும், விழுங்குவதில் சிக்கலும் இருக்கும்.

மூளை முடக்குவாதத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அப்படியேதான் நிற்கிறது, கூடுவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அதோடு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது, இடுப்பு மூட்டு மெல்ல விலகத் தொடங்கலாம். நோய் மாறாவிட்டாலும் தேவை மாறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கான பராமரிப்பிலிருந்து குழந்தைகளுக்கானது பிரியும் இடம் இது. மூன்று வயதில் போட்ட திட்டம் ஆறு வயதில் செல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "குணமாகாது" என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அது இயல்புதான். ஆனால் நாள்பட்ட நோய் என்ற ஒன்று இருப்பதே, ஒரு கோணத்தில் பார்த்தால், மருத்துவம் ஜெயித்ததன் அடையாளம். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தை எலும்பும் தோலுமாகி, கொஞ்ச காலத்தில் போய்விடும். அந்தப் பையன் அதன்பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். உயிரைப் பறிக்கும் நோய் அன்றைக்குத்தான் கூடவே வைத்துக்கொண்டு வாழக்கூடிய நோயாக மாறியது. எப்படி வாழ்வது என்ற கேள்வியும் அன்றைக்குத்தான் பிறந்தது. அந்தக் கேள்வியில் பாதி நர்ஸ்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

படிக்கட்டும் ஒரு பிரச்சினைதான்

நடக்க முடியாத குழந்தைக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால், கால் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி பார்த்தால் கேள்வி ஒன்றில்லை, பல. உடம்பில் எது இயங்கவில்லை? அதனால் எந்தச் செயலைச் செய்ய முடியவில்லை? எதில் கலந்துகொள்ள முடியவில்லை? சுற்றியிருக்கிற இடமும் மனிதர்களும் உதவுகிறார்களா, தடுக்கிறார்களா? சக்கர நாற்காலியில் வரும் குழந்தையின் வகுப்பு மாடியில் இருந்தால், அந்தக் குழந்தையின் இயலாமையில் ஒரு பங்கு படிக்கட்டுக்குச் சொந்தம். காலை மாற்ற முடியாமல் போகலாம். வகுப்பைக் கீழே மாற்றலாம்.

இது தத்துவம் மாதிரித் தெரியும், ஆனால் வார்டில் தினமும் பயன்படுகிற விஷயம். பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் என்ற கனடா ஆய்வாளர்கள் இருவர் 2012-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதையே ஆறு சொற்களில் சுருக்கினார்கள். செயல்பாடு, குடும்பம், உடல்தெம்பு, கொண்டாட்டம், நண்பர்கள், எதிர்காலம். ஆங்கிலத்தில் ஆறும் எஃப் எழுத்தில் தொடங்கும் என்பதால் நினைவில் வைப்பது எளிது. அந்தப் பட்டியலில் கொண்டாட்டம் என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. அதுவரை நான் எழுதிய எந்தப் பராமரிப்புத் திட்டத்திலும் "இந்தக் குழந்தைக்கு எது பிடிக்கும்" என்ற வரி இருந்ததில்லை. மலம் போன கணக்கு இருந்தது, சிறுநீர் போன கணக்கு இருந்தது. சிரித்த கணக்கு இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது

நாள்பட்ட நோயுள்ள குழந்தையின் விஷயத்தில் வார்டிலேயே அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் வெள்ளை உடுப்பில் இருக்க மாட்டார். கட்டில் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளவே வெகுகாலம் ஆனது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நாடுகளின் மருத்துவமனைகளில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. அம்மாவைப் பார்த்தால் குழந்தை அழும், அதனால் அம்மா வராமலிருப்பதே நல்லது என்று நினைத்தார்கள். பிரிட்டனில் 1959-ல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையில்லாமல் வந்துபோக வேண்டும், சின்னக் குழந்தையோடு அம்மா தங்கவும் வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. குடும்பத்தை மையமாக வைத்த பராமரிப்பு என்று இன்று நாம் சொல்வதற்கு அது ஒரு முக்கியமான படி.

எனக்கு இதைப் புரியவைத்தவன் ஏழு வயதுப் பையன் ஒருவன். மூளை முடக்குவாதம், பேச்சு கிடையாது. நெஞ்சுச் சளிக்காகச் சேர்த்திருந்தார்கள். அன்று மதியம் எல்லா எண்களும் சரியாக இருந்தன. அழுகை இல்லை, சத்தம் இல்லை. "இன்னைக்கு நல்லா அமைதியா இருக்கான்" என்று நான் சொன்னேன். அவன் அம்மா தலையை ஆட்டினார்.

"இல்ல சிஸ்டர், இது நல்ல அமைதி இல்ல. காதைப் பிடிச்சிருக்கான் பாருங்க. எங்கயோ வலிக்குது."

இடது கையால் இடது காதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். காதுவலியோ என்று டாக்டர் காதைப் பார்த்தார், ஒன்றுமில்லை. அம்மா விடவில்லை. வலி எங்கே இருந்தாலும் அவன் காதைத்தான் பிடிப்பானாம். தலையிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். கடைசியில் கணுக்காலுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தாங்கியைக் கழற்றினோம். உள்ளே சாக்ஸ் மடிந்து, அந்த மடிப்பு எலும்பு மேட்டில் அழுந்தி, ஒரு நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் கட்டம் அது.

இதில் இரண்டு பாடம் எனக்கு. ஒன்று, பேசாத குழந்தையின் வலியை நாம் எளிதாகத் தவறவிடுவோம். எது நடந்தாலும் "இந்த நோய் உள்ள குழந்தைகள் இப்படித்தான்" என்று நோயின் தலையில் கட்டிவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அந்தப் பழக்கத்துக்குள் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், எலும்புமுறிவு எல்லாமே ஒளிந்துகொள்ளும். இரண்டாவது, வலியை அளக்கக் கருவி இருக்கிறது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போட்டு, பத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடும் ஃபிளாக் அளவுகோல் அது. அதையே கொஞ்சம் திருத்தி, இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வடிவமும் செய்திருக்கிறார்கள். அதில் பெற்றோரிடம் கேட்டு, அந்தக் குழந்தைக்கே உரிய அடையாளங்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். காதைப் பிடிப்பான் என்பதை அன்றைக்கு எழுதினோம்.

சாப்பாடு, மூச்சு, தோல்

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தக் குழந்தைகள் உள்ள வீடுகளில் நாளின் பெரும்பகுதி அதில்தான் கரைகிறது.

விழுங்குவதற்கு வாய், நாக்கு, தொண்டை எல்லாம் சரியான நொடியில் ஒன்றாக இயங்க வேண்டும். தசைகள் இறுகியோ தளர்ந்தோ இருக்கும் குழந்தைக்கு அந்தத் தாளம் தப்பும். உணவு வயிற்றுக்குப் போகாமல் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நெஞ்சுச் சளி, இதெல்லாம் துப்பு. இருமலே வராமல் சத்தமில்லாமல் இறங்குவதும் உண்டு, அதுதான் பயம். ஒரு வேளைச் சாப்பாடு அரைமணி நேரத்துக்கு மேல் வாடிக்கையாக இழுத்தால், அது பொறுமையாக ஊட்டுகிற அம்மாவின் பெருமை மட்டும் இல்லை, விழுங்குவதில் ஏதோ சிக்கல் என்பதற்கான குறிப்பும்கூட. நிமிர்ந்து உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, முந்தைய வாய் விழுங்கியாயிற்றா என்று பார்த்து ஊட்டுவது அடிப்படை. தண்ணீரைக் கெட்டியாக்கித் தரலாமா, எந்தப் பதத்தில் தரலாம் என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சி நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்கிற விஷயம் இல்லை.

வாயால் மட்டும் போதாதபோது குழாய். கொஞ்ச நாளைக்கென்றால் மூக்கு வழியாக வயிற்றுக்கு. மூக்குக் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் ஊட்டும் முன் உறுதிசெய்ய வேண்டும். குழாயிலிருந்து கொஞ்சம் நீரை இழுத்து அமிலத்தன்மையைச் சோதித்தால், பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். காற்றைச் செலுத்தி ஸ்டெத்தஸ்கோப்பில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய முறையை நம்ப முடியாது. நான் படித்த காலத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்!

நீண்ட காலத்துக்கென்றால் வயிற்றிலேயே சிறு துளையிட்டு வைக்கும் கேஸ்ட்ராஸ்டமி குழாய். அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பல அம்மாக்கள் அழுவார்கள். "அப்போ இனிமே என் கையால ஊட்டவே முடியாதா?" என்று கேட்பார்கள். நான் தோற்றுவிட்டேன் என்ற வேதனை அந்தக் கேள்விக்குள் இருக்கும். விழுங்குவது பாதுகாப்பாக இருக்கிற அளவுக்கு, ருசிக்காக வாயில் கொடுப்பதைப் பல குழந்தைகள் தொடரலாம் என்பதை அந்த இடத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் நடைமுறை: ஊட்டும்போது தலைப்பக்கம் 30 டிகிரிக்காவது உயர்ந்திருக்க வேண்டும், முடிந்தபின்னும் அரைமணி நேரமாவது அப்படியே. மருந்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குறிப்பாகப் புதிதாக வைத்த குழாயென்றால் வீட்டில் திருப்பிச் செருகிப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

தொண்டையில் துளையிட்டு, மூச்சுவிடக் குழாய் வைத்திருக்கிற குழந்தை இன்னொரு உலகம். காற்று குரல்நாணைத் தொடாமலே போய்வருவதால் பல குழந்தைகள் அழுதாலும் சத்தம் வராது. பக்கத்து அறையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுப் பயனில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை எங்கே போனாலும் இரண்டு மாற்றுக் குழாய்கள் கூடப் போக வேண்டும். ஒன்று அதே அளவு, மற்றொன்று ஓர் அளவு சிறியது. அவசரத்தில் அதே அளவு உள்ளே போகாவிட்டால் சின்னது உயிரைக் காக்கும். சளியை உறிஞ்சும்போது பத்து வினாடியைத் தாண்டக் கூடாது. அந்த நேரம் குழந்தைக்கு மூச்சு கிடைப்பதில்லை. நானும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வேன், அது ஒரு நல்ல கடிகாரம்.

தோலைப் பற்றி ஏற்கெனவே சாக்ஸ் கதையில் பாதி சொல்லியாயிற்று. புண் எப்போதும் முதுகில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். கைக்குழந்தைக்குத் தலையின் பின்புறம் பெரிது, அங்கேதான் அழுத்தம். மற்றக் குழந்தைகளுக்கு முகமூடி, குழாய், தாங்கி என்று எது தோலைத் தொடுகிறதோ அதன் அடியில்.

மருந்தும் எடையும்

குழந்தைக்கு மருந்தின் அளவு பெரும்பாலும் எடையை வைத்துத்தான். எடை கூடும், டோஸும் மாறும். வலிப்பு கட்டுக்குள் இருந்த குழந்தைக்குத் திடீரென்று மறுபடி வந்தால், நாங்கள் முதலில் பார்ப்பவற்றில் ஒன்று, கடைசியாக எப்போது எடை பார்த்து டோஸைக் கணக்கிட்டார்கள் என்பது.

மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றில்லை என்பது எளிய விஷயம், ஆனால் தப்பு நடப்பது இங்கேதான். ஒருமுறை என் கண்முன்னாலேயே நடந்தது. வீட்டில் தினமும் 5 மில்லி சிரப் கொடுத்துவந்தார் ஓர் அம்மா. இந்தமுறை கொடுத்த பாட்டிலில் மருந்தின் செறிவு இரண்டு மடங்கு. பெயர் அதே, நிறமும் கிட்டத்தட்ட அதே. அவர் வழக்கம்போல 5 மில்லி கொடுத்தார். குழந்தை தூங்கிவழிந்துகொண்டு வந்தது. நல்லவேளை, சீக்கிரமே பிடித்துவிட்டோம். செறிவு மாறியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அந்த "யாரும்" என்பதில் எங்கள் வார்டும் அடக்கம். அன்றிலிருந்து பாட்டிலைக் கையில் கொடுத்து, சிரிஞ்சில் கோடு வரைந்து காட்டி, அவரையே எடுத்துக் காட்டச் சொல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. சமையலறை ஸ்பூனில் அளப்பதும் வேண்டாம், ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும்.

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தால் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஒருக்களித்துப் படுக்கவை, தலைக்கு மெத்தென்று ஏதாவது வை, வாயில் எதையும் திணிக்காதே, கையைக் காலை அழுத்திப் பிடிக்காதே, நேரத்தைப் பார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரம். டாக்டர் அவசர மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். பதற்றத்தில் அரை நிமிடம் அரைமணியாகத் தெரியும், அதனால்தான் கடிகாரம்.

சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு எண் 70. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நடுக்கம், வியர்வை, எரிச்சல், காரணமில்லாத அழுகை. வளர்ந்த பிள்ளையென்றால் 15 கிராம் சர்க்கரைச்சத்து வேகமாகச் சேரும் வடிவில் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைக்கு அதைவிடக் குறைவு. நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

"புரிஞ்சுதாம்மா?"

டிஸ்சார்ஜ் நாளில் எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்போம். "புரிஞ்சுது சிஸ்டர்" என்பார்கள். உலகத்தில் யாரும் அந்தக் கேள்விக்குப் புரியவில்லை என்று பதில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்க வேண்டிய முறை வேறு. "நான் ஒழுங்கா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும், நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க." சோதனை எனக்கு என்று ஆகிவிட்டால் அவர்களுக்குக் கூச்சம் போய்விடும். சக்ஷன் என்கிற சளி உறிஞ்சுவது, குழாயில் ஊட்டுவது, இன்சுலின் போடுவது எல்லாம் முதலில் நான் செய்து அவர்கள் பார்ப்பது, அப்புறம் சேர்ந்து செய்வது, அப்புறம் அவர்கள் செய்து நான் பார்ப்பது. கடைசியாக ஓரிரவு முழுக்க வார்டிலேயே அவர்களாகவே பார்த்துக்கொள்வது, நாங்கள் கூப்பிடும் தூரத்தில். அந்த ஓர் இரவு பத்துப் பக்க அறிவுரைக்குச் சமம். அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் வீடு நின்றுவிடும்.

குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு, வயசுக்கேற்ற பங்கு. மூன்று வயதில் எந்த விரலில் குத்துவது என்று அவள் முடிவு செய்யலாம். குத்தட்டுமா என்று மட்டும் கேட்கக் கூடாது, வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? எட்டு வயதில் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகி, தனக்கே சோதனை செய்துகொள்ளலாம். ஊசி போடும்போது நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதைவிட அம்மா மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொள்வது நல்லது. சக்கர நாற்காலியில் இருக்கிற குழந்தையின் தலைக்கு மேலே, அதைப் பற்றி, அதன் அம்மாவிடம் பேசுவது என்னிடமும் இருந்த கெட்ட பழக்கம். இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் குழந்தையிடம் பேசுகிறேன். பேச முடியாத குழந்தை படப் பலகையில் விரல் வைத்தோ கண்ணால் காட்டியோ பதில் சொல்லும். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வினாடி காத்திருப்பது கேட்க எளிது, டியூட்டி நேரத்தில் அது பெரிய விஷயம்.

முதுகுத்தண்டு முழுதாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளிடம் இந்தப் பங்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பார்க்கலாம். பலருக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது. தேங்கினால் தொற்று வரும், சிறுநீரகம் கெடும். 1972-ல் அமெரிக்க சிறுநீரக அறுவை மருத்துவர் ஜாக் லாபிடஸ், சுத்தமான கையும் சுத்தமான குழாயும் இருந்தால் போதும், குறிப்பிட்ட இடைவெளியில் குழாய் விட்டுக் காலிசெய்யலாம் என்று காட்டினார். அறுவை அரங்கு அளவுக்குக் கிருமிநீக்கம் தேவையில்லை என்றானதும், வீட்டிலும் பள்ளியிலும் அது சாத்தியமானது. தொடக்கப் பள்ளி வயதிலேயே பல பிள்ளைகள் தாங்களே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பள்ளிக் கழிப்பறையில், தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவுக்குப் பின்னால். அந்தத் தாழ்ப்பாள் இல்லையென்றால் பிள்ளை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். எத்தனையோ தொற்றுகளின் உண்மையான காரணம் அந்தத் தாழ்ப்பாளாக இருக்கும். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுவதும் நர்ஸ் வேலைதான் என்று நான் சொல்வது இதனால்தான். (இந்தக் குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம். கையுறை, குழாய், பலூன்கூட லேடெக்ஸ் இல்லாததாக இருக்க வேண்டும்.)

பதின்வயது வந்ததும் எல்லாம் தலைகீழாகும். பத்து வயதில் பொறுப்பாக ஊசி போட்டுக்கொண்ட பெண், பதினான்கில் நண்பர்கள் முன்னால் பையையே திறக்க மாட்டாள். திட்டுவதால் ஒரு பயனும் இல்லை. கொஞ்ச நேரம் பெற்றோர் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். பெரியவர்கள் மருத்துவத்துக்கு மாறுவதற்கான தயாரிப்பையும் 12, 14 வயதிலேயே மெல்லத் தொடங்க வேண்டும். 18 ஆனதும் ஒரே நாளில் ஃபைலைக் கையில் கொடுத்து அனுப்புவது கைகழுவுவது.

வீட்டில் இருக்கிற மற்றவர்கள்

அமெரிக்காவில் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர் 1962-ல் "நீடித்த துயரம்" என்ற கருத்தை எழுதினார். குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோருக்கு வருத்தம் ஒருமுறை வந்து தீர்ந்துபோவதில்லை, வாழ்நாள் முழுக்க வந்து வந்து போகும், அது மனநோய் இல்லை, இயல்பு என்றார். அடுத்த வீட்டுக் குழந்தை முதல் வகுப்பில் சேரும் நாளில் மூன்று வருடமாகத் தெம்பாக இருந்த அப்பா உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். "இன்னும் ஏத்துக்கலையே" என்று அவரைப் பற்றி ஃபைலில் எழுதுவது அநியாயம். கூட உட்கார்ந்தால் போதும்.

கூடப்பிறந்த பிள்ளையை மறந்துவிடுகிறோம். தம்பிக்கு வலிப்பு வந்தது தான் சண்டை போட்டதால்தான் என்று அக்கா ரகசியமாக நம்பிக்கொண்டிருப்பாள். யாராவது கேட்டால்தான் வெளியே வரும். தூக்கமில்லாத பெற்றோருக்கு ஓய்வும் பராமரிப்பின் ஒரு பகுதி. நர்ஸாகப் பயிற்சி பெற்ற கன்னியாஸ்திரி சிஸ்டர் ஃபிரான்சஸ் டொமினிக்கா, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1982-ல் திறந்த ஹெலன் ஹவுஸ், கடும் நோயுள்ள குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்த்துக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும் இல்லமாகத் தொடங்கியது. அப்படி ஓர் இடம் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் இரண்டு மணி நேரம் நம்பி விட்டுப்போகக்கூடிய ஒரு சித்தியோ மாமாவோ இருக்கலாம். அவரையும் அழைத்துவரச் சொல்லிக் கற்றுக்கொடுப்பேன்.

கடைசியாக ஒரு தாள். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நோயின் பெயர், மருந்துகளும் அவற்றின் செறிவும், எடை பார்த்த தேதி, ஒவ்வாமை, குழாய் அளவு, அவசரத்தில் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. அதோடு எந்த டாக்டரும் கேட்காத சில வரிகள்: எது பிடிக்கும், எதற்குப் பயம், ஆமாம் என்பதை எப்படிச் சொல்லும், வலித்தால் என்ன செய்யும். பெற்றோர் கையில் ஒன்று, பள்ளியில் ஒன்று, வார்டு ஃபைலில் ஒன்று.

அந்த ஏழு வயதுப் பையன் மறு வருடம் மறுபடி சேர்ந்தான். அவன் அம்மா சாப்பிடப் போயிருந்தார். டியூட்டியில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரமான ஒரு பெண். அவன் அமைதியாகப் படுத்திருந்தான், இடது கை காதில். அவள் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள். அவனிடம் குனிந்து, "எங்க வலிக்குதுன்னு பார்க்கட்டுமாடா?" என்று கேட்டுவிட்டு, காத்திருந்தாள். அவன் இரண்டு முறை கண்ணை மூடித் திறந்தான். தாளில் அதற்கு ஆமாம் என்று எழுதியிருந்தது. போர்வையை விலக்கி, காலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.